வீடு மாறுறோம், கிணத்தடி இருவாட்சியை எப்படிக் கொண்டு போறது?

ஸ்ரீரங்கத்துப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இருந்த ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டைக் காலி பண்றோம். தை கடைசிக்குள்ள கோயம்புத்தூர் போயாகணும். வீட்டுக்காரர் இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டப் போறாராம், அதனால கொல்லையில ஒரு புல்லுகூட மிஞ்சாது.

கிணத்தடியில ஒரு இருவாட்சிப் புதர் இருக்கு. மாமியார் அவங்க பொறந்த வீட்லேர்ந்து கொண்டாந்து வச்சது. இப்ப என் இடுப்பு உயரம், அடிக்கட்டை கட்டைவிரல் தடிமன். கணுவுக்கு மூணு மூணு இலை. பூ குட்டி ரோஜா மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். சாயங்காலம் ரெண்டு பறிச்சு சாமி படத்துக்கு வச்சா கூடம் முழுக்க மணக்கும். மறுநாள் ஊதா ஓடிடும், ஆனா உதிராது, காம்போட ஒட்டியே காயும்.

புதரை அப்படியே தோண்டி எடுத்துட்டுப் போகலாமா, குச்சி வெட்டி வச்சா வருமா, எது நல்லது? எதிர்வீட்டு அக்கா சாணியில முக்கி நட்டா போதும்னு சொல்றாங்க. போற இடம் மூணாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. கார்த்திகை பொறந்தாச்சு, நாள் கம்மியா இருக்கு.

செடிப்பைத்தியம்:

அக்கா, ரொம்ப யோசிக்காதீங்க. நாலு குச்சி ஒடிச்சு தண்ணி பாட்டில்ல போட்டு ஜன்னல்ல வைங்க. மணி பிளான்ட், துளசி எல்லாம் நான் அப்படித்தான் வேர் விட வைக்கிறேன்.

பழையமாணவன்:

தம்பி, துளசியும் மணி பிளான்ட்டும் தண்ணியிலயே வேர் விடும், மல்லிகை அப்படி இல்ல. தண்ணிக்குள்ள காத்து கம்மி, குச்சி அடியில தோல் கொழகொழத்து அழுக ஆரம்பிச்சிடும். தப்பித்தவறி வேர் வந்தாலும் அது தண்ணி வேர், கண்ணாடி மாதிரி படக்குனு ஒடியும், மண்ணுக்கு மாத்தறப்ப பாதி போயிடும். மாமியார் வச்ச செடியில அந்தச் சோதனை வேண்டாமே.

மேடம், நீங்க கேட்டிருக்கிற நேரம் ரொம்பச் சரியான நேரம். குண்டுமல்லி இனத்துக்கு நவம்பர் கடைசி வாரம்தான் கவாத்துப் பருவம். (பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி.) தரையிலேர்ந்து 45–50 செ.மீ. விட்டு மேல வெட்டி எடுப்போம். இருவாட்சியும் அதே இனம்தான். எப்படியும் வெட்டிப் போடப் போற கொப்புதான், அதுலேர்ந்தே குச்சி எடுத்துக்கலாம், தாய்ச்செடிக்கு ஒரு கெடுதலும் இல்ல.

எந்தக் குச்சிங்கறதுலதான் பாதி வேலை இருக்கு. நுனித் தளிர் வேண்டாம், வாடிடும். பழுத்த அடிக்கட்டையும் வேண்டாம், வேர் விட ரொம்ப நாள் எடுக்கும். பச்சை மாறி லேசா பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கும், வளைச்சா கொஞ்சம் வளைஞ்சு கொடுத்துட்டு அப்புறம் ஒடியும், அந்தப் பதம். பென்சிலைவிட ஒல்லி. நீளம் 12லேர்ந்து 15 செ.மீ., அதுல மூணு நாலு கணு இருக்கணும். அடி வெட்டு கணுவுக்கு ஒட்டிக் கீழ விழணும், ஏன்னா வேர் பெரும்பாலும் கணுவைச் சுத்தித்தான் கிளம்பும். மேல ரெண்டு இலை மட்டும் விட்டு, அதையும் பாதியா நறுக்கிடுங்க. மொட்டு இருந்தா தயவு தாட்சண்யம் பார்க்காம கிள்ளிடுங்க. குச்சியில இருக்கிற கொஞ்சநஞ்ச சத்தையும் பூ தின்னுடும்.

வேர் ஊக்கிப் பொடி உரக்கடையில சின்ன டப்பாவா கிடைக்கும். ஐ.பி.ஏ. (வேரைத் தூண்டுற ஹார்மோன்) கலந்ததா கேளுங்க. பூச்செடிக் குச்சிக்குப் பொதுவா 1000 பி.பி.எம். போதும், அதாவது லிட்டருக்கு 1 கிராம். அது தண்ணியில நேரா கரையாது, ஆல்கஹால்ல கரைச்சுதான் கலக்கணும். அதனால வீட்டுக்குப் பொடியே வசதி. அடியைத் தொட்டு, தட்டி, வேற குச்சியால முதல்லயே குத்தி வச்ச குழியில வைங்க. நேரா மண்ணுல சொருகினா பொடி மேலயே வழிஞ்சு நின்னுடும்.

சாணி பத்தி: பச்சைச் சாணி வேண்டவே வேண்டாம். வெட்டுவாயில பூஞ்சாணம் ஏற அதைவிட நல்ல வழி கிடையாது. மக்கின எரு வேர் விட்டப்புறம்.

கறார்பேர்வழி:

நான் ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதீங்க. இவ்வளவு பாடு எதுக்கு? கோயம்புத்தூர்ல எந்த நர்சரியில கேட்டாலும் அடுக்குமல்லி நாத்து தர்றான். மல்லிகைன்னாலே குச்சியிலயும் பதியன்லயும்தான் (கிளையை வெட்டாம மண்ணுல புதைச்சு வேர் விட வைக்கிறது) பெருக்கறாங்க, விதையில இல்ல. அப்படின்னா உங்க மாமியார் வச்சதும் நர்சரியில இருக்கிறதும் எங்கயோ ஒரே தாய்ச்செடியோட துண்டுகளாத்தான் இருக்கும். அதே பூ, அதே வாசனை. ஒரு புதரைக் கட்டி இழுத்துட்டுப் போறதுக்கு ஒரு காரணமும் தெரியல.

ஸ்ரீரங்கத்துப்பூ:

நீங்க சொல்றது அறிவியல்படி சரியா இருக்கலாம் சார். ஆனா நர்சரிக்காரர் வச்சிருக்கிறது எங்க மாமியார் வெயில்ல நின்னு கரையான் தட்டின செடி இல்லையே. அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. எனக்கு இதுதான் வேணும்.

பழையமாணவன்:

கறார்பேர்வழி சொன்னதுல பாதி சரி. மல்லிகை நம்ம ஊர்ல காய் பிடிக்கிறதே அபூர்வம். சில வகை மும்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதி ரெண்டுக்குப் பதிலா மூணு இருக்கும், அதுல விதை உருவாகறதே கஷ்டம். இருவாட்சி மாதிரி அடுக்கு வகையில மகரந்தத் தாளெல்லாம் இதழா மாறிப் போயிருக்கும், அதனால விதைக்குப் பேச்சே இல்ல. இந்தச் செடி இங்க அழிஞ்சா இதோட வம்சம் குச்சியாலயும் பதியனாலயும்தான் தொடரும்.

மத்த பாதி: ஒரே பேர்ல விக்கிற நாத்தெல்லாம் ஒரே செடின்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. குண்டுமல்லியிலயே ராமநாதபுரம் லோக்கல், ஒத்தை மொக்ரா, இரட்டை மொக்ரான்னு எத்தனையோ. நர்சரியில அடுக்குன்னு கேட்டு வாங்கிட்டுப் போய், பூத்தப்புறம் ஒத்தை இதழ்னு தெரிஞ்சவங்க இங்கயே எத்தனை பேர்.

கடலோரமணல்:

நான் தங்கச்சிமடத்துக்காரன். பாம்பன் தாண்டினா எங்க ஊர். மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சுது எல்லாருக்கும் தெரியும், அந்தத் தோட்டங்களுக்கு நாத்து போறது பெரும்பாலும் எங்க மணல்லேர்ந்துன்னு பல பேருக்குத் தெரியாது. அதனால குச்சி விஷயத்துல ரெண்டு வார்த்தை பேச உரிமை இருக்கு.

எங்க மண்ணு கடல் மணல். தண்ணி ஊத்தினா நிக்காது, ஆனா அடியில ஈரம் இருந்துக்கிட்டே இருக்கும். குச்சிக்கு வேண்டியது அந்த ரெண்டும்தான். தோட்டத்து மண்ணு, களிமண்ணு, செம்மண்ணுல குச்சி நட்டா மழைக்குச் சேறாகிக் கருத்துப் போகும். ஆத்து மணல் விக்கிற விலைக்கு இப்ப கிடைக்காது, எம்-சாண்ட் வாங்குங்க, ஆனா அப்படியே போட்டுடாதீங்க. அதுல மாவு மாதிரி தூசி இருக்கும், நனைஞ்சா இறுகிடும். வாளியில போட்டு மேல தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் அலசுங்க. தேங்காய் நார்க் கழிவு கட்டியும் அப்படித்தான், உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவை ஊறவச்சுப் பிழியணும். ரெண்டையும் பாதிக்குப் பாதி கலந்து நாத்துப் பையில போடுங்க. உரம் எதுவும் கலக்கக் கூடாது.

குச்சியைக் கொஞ்சம் சாய்ச்சு நடுங்க, ரெண்டு கணு உள்ள, மிச்சம் வெளிய. சுத்தி விரலால அழுத்துங்க, காத்து இடைவெளி இருக்கக் கூடாது. நட்டப்புறம் ஆட்டிப் பார்க்கிறது, புடுங்கிப் பார்க்கிறது எல்லாம் கிடையாது. வேர் வந்துச்சான்னு தெரியணும்னா பை அடி ஓட்டையைப் பாருங்க.

இன்னொண்ணு. எத்தனை செடி வேணுமோ அதுக்கு நாலு மடங்கு குச்சி நடுங்க. எங்க பாத்தியிலயே எல்லாம் பிடிக்காது. அடுக்கு வகை சாதா மல்லியைவிடப் பிடிவாதம்.

செடிப்பைத்தியம்:

ஊக்கிப் பொடி கிடைக்கலன்னா கற்றாழை ஜெல், தேன், இளநீர்னு யூடியூப்ல எல்லாரும் சொல்றாங்களே?

பழையமாணவன்:

கற்றாழை கெடுதல் பண்ணாது, பெரிய நன்மையும் நான் பார்த்ததில்ல. தேன் கிருமியைக் கொஞ்சம் தடுக்கும், வேரை வரவழைக்காது. இளநீர் மட்டும் வேண்டாம். அதுல சைட்டோகைனின் இருக்கு. அது தளிரைத் தூண்டுற பொருள், பொதுவா வேர் விடறதைத் தடுக்கும். திசு வளர்ப்புல இளநீர் சேர்க்கறாங்கங்கிறதைக் கேள்விப்பட்டு யாரோ குச்சிக்கும் எழுதி வச்சுட்டாங்க. போதாததுக்கு அதுல சர்க்கரை வேற, எறும்பும் பூஞ்சாணமும் சேர்ந்து வரும்.

யாழ்முற்றம்:

அக்கா, நீங்கள் எல்லாரும் தடி வெட்டி நடுறதைப் பற்றியே கதைக்கிறியள். எங்கட பக்கம் மல்லிகைக்குப் பதி வைக்கிறதுதான் வழமை. தாய்க்கன்று நிக்கேக்கையே கிளையைப் பணிச்சு மண்ணுக்க தாட்டு வேர் வரப்பண்ணுறது. வெட்டின தடிக்கு வேர் வரும் வரைக்கும் தண்ணி குடிக்க வழியில்லை. பதி வைச்ச கிளைக்குத் தாய் தண்ணி குடுத்துக் கொண்டே இருக்கும். உங்களுக்கு மாமியின்ர கன்று எண்டால் நான் இதைத்தான் நம்புவன்.

செய்யிற விதம்: நிலத்துக்குக் கிட்ட இருக்கிற, வளையக்கூடிய கிளை ஒண்டைப் பாருங்கோ. மண்ணுக்க போற இடத்தில ஒரு கணுவுக்குக் கீழ சுத்திவர ஒரு விரல் அகலத்துக்குத் தோலை மட்டும் உரியுங்கோ. உள்ளுக்க வெள்ளைத் தண்டு தெரியும், அதில ஒட்டியிருக்கிற வழுவழுப்பையும் கத்தியால சுரண்டி விடுங்கோ, இல்லாட்டித் தோல் திரும்பச் சேர்ந்திடும். பிறகு இரண்டு மூண்டு அங்குலம் ஆழத்தில தாட்டு, கம்பி வளைச்சுக் குத்தி, மேல ஒரு செங்கல் வையுங்கோ. நுனி வெளியில நிமிந்து நிக்கவேணும்.

பழையமாணவன்:

யாழ்முற்றம் சொன்னதுக்குக் காரணம்: இலையில செய்யற சத்தும் நுனியில உருவாகற ஆக்சின்ங்கிற வளர்ச்சி ஹார்மோனும் பட்டை வழியா கீழ இறங்கும். பட்டையை வளையமா எடுத்தா அதெல்லாம் காயத்துக்கு மேல வந்து தேங்கும், அங்க வேர் கிளம்பும். தண்ணி உள்கட்டை வழியா மேல போயிட்டே இருக்கும், அதனால கிளை வாடாது. ஆனா நேரம் எடுக்கும், பதியனுக்கு மூணு மாசம்னு வச்சுக்கணும். மேடத்துக்குத் தை கடைசி வரைக்கும்னா இடுக்கிப் பிடிச்சு ரெண்டரை மாசம்தான். இன்னிக்கே போட்டாகணும்.

அதோட, கவாத்து பண்றேன்னு தாழ்வான கிளையெல்லாம் வெட்டிடாதீங்க. அதைப் பதியனுக்கு விட்டுட்டு மேல இருக்கிறதை வெட்டுங்க.

கடலோரமணல்:

பதியன் போடறதா இருந்தா தரையில போடாதீங்க தாயி. வீடு மாறுறவங்களுக்கு அது ரெட்டை வேலை. புதர் பக்கத்துல கிளை எட்டுற தூரத்துல தரையில சின்னக் குழி எடுத்து ஒரு நாத்துப் பையை வாய் மட்டத்துக்கு இறக்குங்க. அந்தப் பைக்குள்ள கலவையைப் போட்டு அதுக்குள்ள கிளையைப் புதைங்க. வேர் வந்தப்புறம் தாய்ப் பக்கம் வெட்டிட்டு பையைத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதான். வேரை யாரும் தொடவே இல்லை பாருங்க. தோண்டி எடுக்கையில பிஞ்சு வேர் அறுந்துதான் பாதிப் பதியன் சாகுது.

ஒரே நாள்ல அறுக்காதீங்க. முதல்ல பாதி தடிமனுக்கு வெட்டி விடுங்க, பத்து நாள் பொறுத்து மிச்சத்தை வெட்டுங்க. அந்த இடைவெளியில அது சொந்த வேரை நம்பப் பழகிடும்.

ஸ்ரீரங்கத்துப்பூ:

பைக்குள்ளயே பதியன், இது என் புத்தியில தோணவே இல்ல. இன்னிக்கே பை வாங்கிட்டு வரச் சொல்லிட்டேன். தாய்ச்செடியையே தோண்டிக் கொண்டு போறதைப் பத்தி யாரும் சொல்லலையே?

பழையமாணவன்:

முடியாதுன்னு இல்ல. கடுமையா கவாத்து பண்ணி, நல்ல பெரிய வேர்மண்ணோட எடுத்தா மல்லிகை பிழைக்கும். ஆனா நான் பரிந்துரைக்க மாட்டேன். கிணத்தடியில வருஷக்கணக்கா நின்ன செடி, வேர் எங்கெங்கயோ கிணத்துச் சுவரை ஒட்டிப் போயிருக்கும். நீங்க எடுக்கிற உருண்டையில தடி வேர்தான் வரும், தண்ணி உறிஞ்சற மெல்லிய வேர் எல்லாம் மண்ணோட நின்னுடும். அந்த உருண்டையை மூணாவது மாடிக்கு ஏத்தறதே ஒரு பெரிய வேலை.

இன்னொரு விஷயம், பழைய மல்லிகைத் தரையில வேர்முடிச்சு நூற்புழு இருக்க வாய்ப்பு அதிகம். ஓரத்துல கொஞ்சம் தோண்டிப் பாருங்க. வேர்ல சின்னச் சின்ன முடிச்சு முடிச்சா வீங்கியிருந்தா அதுதான். அந்த மண்ணைத் தொட்டிக்குக் கொண்டு போனா தொந்தரவையும் சேர்த்தே கொண்டு போறீங்க. மேல்கொப்புலேர்ந்து எடுத்த குச்சியில அந்தத் தொல்லை இல்ல. பையில புதுக் கலவைல போட்ட பதியன்லயும் பெருசா பயமில்ல.

குச்சியும் வைங்க, பதியனும் போடுங்க. எது முந்துதோ முந்தட்டும். எதிர்வீட்டு அக்காவுக்கும் ஒரு பை கொடுத்துட்டுப் போங்க. உங்க கிட்ட இருக்கிறது போனாலும் திரும்பி வந்து ஒரு குச்சி வாங்கிக்கலாம்.

மெல்போர்ன்வாசி:

இடையில நுழையறதுக்கு மன்னிக்கணும். அம்மா வீட்டு மல்லிக் குச்சி ரெண்டை ஈரத் துணியில சுத்தி இங்க கொண்டு வர முடியுமா?

பழையமாணவன்:

முயற்சி பண்ணாதீங்க. ஆஸ்திரேலியாவுல உயிர்ச்செடி எதுவானாலும் அனுமதி, தனிமைப்படுத்தல்னு பெரிய நடைமுறை. அறிவிக்காம கொண்டு வந்து பிடிபட்டா அபராதம். அங்கயே சாம்பாக் மல்லி (நம்ம குண்டுமல்லி இனம்தான்) நர்சரியில கிடைக்கும், அடுக்கு வகையும் உண்டு.

ஸ்ரீரங்கத்துப்பூ:

மார்கழி நிலவரம் சொல்றேன். நவம்பர் கடைசியில கவாத்து முடிச்சு குச்சியெல்லாம் நட்டேன். ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் அடியை வெட்டி ஒவ்வொரு பை மேலயும் கவுத்திருக்கேன், காலையில கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து விடறேன். நிழல்தான், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி. முதல் ரெண்டு வாரத்துல நிறைய குச்சி அடியிலேர்ந்து கருப்பு ஏறிப் போயிடுச்சு. மிச்சம் பச்சையாவே இருக்கு, சிலதுல கணு இடுக்குல அரிசி நுனி அளவு தளிர் எட்டிப் பார்க்குது. சந்தோஷப்படலாமா?

பதியன் போட்ட கிளைங்க ஒண்ணும் ஆகாத மாதிரி அப்படியே நிக்குது.

கடலோரமணல்:

தளிரைப் பார்த்து ஏமாறாதீங்க. குச்சிக்குள்ள சேர்த்து வச்ச சத்துல வேர் இல்லாமலே தளிர் வரும், அப்புறம் பொசுக்குனு வாடும். ரெண்டாவது அடுக்கு இலை விரிஞ்சா நம்பலாம். மார்கழிக் குளிர்ல எல்லாம் மெதுவாத்தான் நடக்கும், தண்ணியைக் குறைங்க. பாட்டில் உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருந்தா அன்னிக்குத் தண்ணியே வேண்டாம்.

கருப்பு ஏறினதை உடனே பையோட எடுத்து தூரப் போடுங்க, பக்கத்துக் குச்சிக்குத் தாவும். பதியன் சும்மா நிக்குதுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்.

கோவைச்சாரல்:

வாங்க வாங்க, நம்மூருக்கு வர்றீங்களாட்ட இருக்குது. ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. கிழக்குப் பால்கனின்னா பத்து, பத்தரை மணிக்கு வெயில் போயிருமுங்க. மல்லிக்கு அஞ்சாறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும், இல்லீன்னா இலை நல்லா தளதளன்னு வரும், மொட்டு வராது. குடியிருப்புச் சங்கத்துல கேட்டு மொட்டைமாடியில ஒரு ஓரம் வாங்கிப் போடுங்க. ஆடியில அடிக்கற காத்துக்குத் தொட்டியைக் கைப்பிடிச் சுவத்தோரம் வெக்காதீங்க.

தண்ணியைப் பத்திக் கவலைப்படாதீங்க, சிறுவாணித் தண்ணி வர்ற ஏரியான்னா செடிக்குக் கொடுத்து வெச்சிருக்கோணும். போர்த் தண்ணின்னா இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். இரும்புச் சத்து குறையறதுதான் அது, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) கரைச்சு இலையில தெளிச்சா சரியாப் போயிருமுங்க.

ஸ்ரீரங்கத்துப்பூ:

பொங்கல் முடிஞ்சு பதியனைப் பாதி வெட்டி விட்டேன். ஒரு பையோட அடி ஓட்டையில வெள்ளையா நூல் மாதிரி வேர் தெரியுது! வீடு மாத்தறவங்க செடி ஏத்த மாட்டோம்னுட்டாங்க. நாங்க கார்லதான் போறோம். எப்படி வைக்கிறது?

பழையமாணவன்:

லாரியில போகாததே நல்லது. அடைச்ச பெட்டிக்குள்ள சூட்டுல வெந்திருக்கும். கிளம்பறதுக்கு முந்தின நாள் காலையில தண்ணி ஊத்துங்க, கிளம்பற நேரத்துல ஊத்தாதீங்க, பை கனமாகி மண்ணு குலையும். பழக்கூடை ஒண்ணுல பைகளை நெருக்கி நிறுத்தி, இடைவெளியில பழைய பேப்பரைத் திணிங்க. பின்சீட்டுக்குக் கீழ வைங்க, ஏ.சி. காத்து நேரா படக்கூடாது. விடியக்காலையில கிளம்புங்க. இருநூத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், நடுவுல கரூர்ல காப்பி குடிக்க நிறுத்தினாலும் கண்ணாடி ஏத்தி வெயில்ல விடாதீங்க.

போனதும் பெரிய தொட்டிக்கு மாத்தாதீங்க. ரெண்டு வாரம் பையிலயே நிழல்ல இருக்கட்டும். அப்புறம் காலை வெயில், அப்புறம்தான் தொட்டி.

ஸ்ரீரங்கத்துப்பூ:

வந்து சேர்ந்தாச்சு. பதியன் எல்லாம் பிழைச்சிருக்கு. ஒண்ணு இலை உதிர்த்துட்டு மறுபடி துளிர்க்குது. குச்சியில பாதிக்கும் கம்மியாதான் தங்குச்சு, ஆனா அதுல ஒண்ணு பதியனைவிட வேகமா வளருது, ஏன்னு தெரியல. எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்ததை அவங்க ஏற்கனவே தொட்டியில வச்சு சாணி போட்டுட்டாங்களாம்! கறார்பேர்வழி சார், உங்க பேச்சைக் கேட்டு நர்சரி அடுக்குமல்லி ஒண்ணும் வாங்கி வச்சிருக்கேன், பூத்தப்புறம் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கலாம்னு.

கறார்பேர்வழி:

நல்ல காரியம். தொட்டியில பேர் எழுதி ஒட்டி வைங்க, ரெண்டும் ஒரே மாதிரி இருந்து எது எதுன்னு தெரியாம போச்சுன்னா அப்புறம் என்னை வந்து கேட்கக் கூடாது.

செடிப்பைத்தியம்:

இதே முறையில அடுக்கு நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பண்ணலாமா? நாங்களும் சித்திரையில வீடு மாறுறோம்.

கடலோரமணல்:

ரெண்டும் மல்லியைவிடச் சுலபம் தம்பி, பதியன் தேவையில்லை, குச்சியே போதும். நந்தியாவட்டையை வெட்டினா பால் வடியும். ஈரத் துணியால ஒத்தி எடுத்துட்டு, பால் நின்னப்புறம் நடுங்க. கண்ணுல பட்டுடாம பார்த்துக்கங்க. செம்பருத்தியில மாவுப்பூச்சி இல்லாத கொப்பா பார்த்து வெட்டுங்க, இல்லைன்னா புது வீட்டுக்கு அதையும் சேர்த்துக் குடி வச்சுடுவீங்க. சித்திரை வெயில்ல குச்சி வைக்காதீங்க, மாசி முடியறதுக்குள்ள நட்டுடுங்க.